ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்: ஏறும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி

ரைன், டான்யூப் ஆறுகளில் போகும் கப்பல் பயணங்கள் பெரும்பாலும் ஏழு இரவுகள். அந்த ஏழு இரவுக்காக அவ்வளவு தூரம் விமானத்தில் போகிறவர்கள் முன்னால் இரண்டு நாள், பின்னால் மூன்று நாள் என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் ஒரே கண்ணோடு பார்த்துத் திட்டம் போட்டால்தான் சிக்கல் வருகிறது. கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள்களுக்கு ஒரு கெடு உண்டு: குறித்த நேரத்தில் துறையில் இருந்தாக வேண்டும், கப்பல் காத்திருக்காது. இறங்கிய பிறகு அப்படிக் கெடு எதுவும் இல்லை. ஆனால் கப்பல் சொன்ன ஊரில்தான் உங்களை இறக்கிவிடும் என்று ஆறு உறுதி தராது. அதனால் முந்தைய நாள்களை ஏறும் ஊரிலேயே கழியுங்கள். தொலைவாகப் போக வேண்டியதையெல்லாம் பயணத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். அந்தப் பின்பகுதிக்கு எடுக்கும் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் மாற்றக்கூடியவையாக இருக்கட்டும்.

கப்பல் எதைக் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

பலர் செய்யும் வீண்செலவு இங்கேதான் தொடங்குகிறது. கப்பல் கட்டணத்தில் ஏற்கெனவே அடங்கிய சுற்றுலாவையே முன்னாலோ பின்னாலோ தனியாகப் பணம் கட்டிப் பார்த்துவிடுகிறார்கள். டான்யூப் கப்பல் லின்ஸில் நின்றால், அங்கிருந்து ஸால்ஸ்பர்க்குக்கோ செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவுக்கோ ஒரு நாள் பயணம் அட்டவணையில் இருக்க வாய்ப்பு அதிகம். பிராகில் இரண்டு நாள் தங்கும்போது அந்த ஒரு நாளைக் க்ரும்லோவுக்குச் செலவழித்தால், நான்கு நாள் கழித்து அதே தெருவில் மறுபடி நிற்பீர்கள். செய்ன் ஆற்றுப் பயணத்தில் வெர்னோன் துறை இருந்தால் ஓவியர் மோனேயின் ஜிவெர்னி தோட்டம் கப்பல் காட்டுவதுதான். வாக்காவ் பள்ளத்தாக்கு, மெல்க் மடம், கொலோன் பேராலயம் எல்லாம் அப்படியே.

கப்பல் காட்டாதது எது? பெரும்பாலும் கட்டடங்களின் உள்பக்கம். நகரைச் சுற்றிக்காட்டும் பேருந்து புடாபெஸ்டில் வீரர் சதுக்கத்தையும் மீனவர் கொத்தளத்தையும் காட்டும். பாராளுமன்றத்தின் உள்ளே கூட்டிப்போவது அரிது. விளக்கொளியில் பாராளுமன்றத்தை ஆற்றிலிருந்து பார்ப்பதைப் பல கப்பல்கள் ஓர் இரவு நிகழ்ச்சியாகவே செய்கின்றன. அதனால் ஏறுவதற்கு முந்தைய இரவு தனியாக ஒரு படகு டின்னருக்குப் பணம் கட்ட வேண்டாம். முன் நாள்களை அருங்காட்சியகம், குளியல் மண்டபம், சந்தை, மாலையில் காலாற நடக்கும் தெருக்கள் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில பயணங்களில் முதல் இரவு முழுதும் கப்பல் ஏறிய துறையிலேயே நிற்கும். மறுநாள் பகலும் அதே ஊர்தான். அப்படியானால் உங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்த கணக்கு. அட்டவணையில் முதல் நாள் புறப்படும் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விளம்பரத்தில் உள்ள ஊர்ப் பெயரையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பிராக் டான்யூப் கரையில் இல்லை. 'பிராக் முதல் புடாபெஸ்ட் வரை' என்றால், பிராகில் ஹோட்டல், பிறகு மூன்று நான்கு மணி நேரம் பேருந்து, அதன்பின் நியூரம்பெர்க், ரேகன்ஸ்பர்க், பாஸாவ் போன்ற ஓரிடத்தில் கப்பல் என்று பொருள். புக்கரெஸ்டும் ஆற்றோரம் இல்லை. கப்பல் ஜியூர்ஜியூவில் நிற்கும், அங்கிருந்து சாலை வழியே சுமார் 65 கி.மீ. ஸ்ட்ராஸ்பர்க் என்று போட்டிருக்கும், கப்பல் எதிர்க்கரையில் ஜெர்மனியின் கேல் ஊரில் கட்டப்பட்டிருக்கும்.

முன்னால் எத்தனை இரவு

ஓர் இரவு கட்டாயம். இரண்டு இரவு இருந்தால் நிம்மதி. கப்பல் ஏறும் நாளன்றே விமானத்தில் வந்திறங்கும் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். இணைப்பு விமானம் ஒன்று தவறினாலே அன்றைய மாலை போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை பெட்டி. தாமதமாகும் பெட்டிகளில் பல மறுநாளே அடுத்த விமானத்தில் வந்துவிடும். நீங்கள் ஹோட்டலில் இருந்தால் விமான நிறுவனம் அங்கே கொண்டுவந்து கொடுத்துவிடும். கப்பலில் இருந்தால், தினமும் ஊர் மாறும் முகவரிக்குப் பெட்டி துரத்திக்கொண்டே வர வேண்டும். அப்படி நேர்ந்துவிட்டால் விமான நிலையத்தில் புகார் எழுதும்போதே, எந்தத் தேதியில் எந்தத் துறை என்ற முழுப் பட்டியலையும் கப்பலின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியைக் கொண்டுவர வேண்டிய இடமாக நாளைய துறையை எழுதாதீர்கள். இரண்டு நாளுக்கு அப்பால் உள்ள பெரிய நகரை எழுதுங்கள்.

கப்பலையே தவறவிட்டாலும் வழி இருக்கிறது, பதற வேண்டாம். ஆற்றுக் கப்பல் மெதுவாகப் போவது. ரயில் அதை எளிதாக முந்திவிடும். ஆம்ஸ்டர்டாமில் தவறவிட்டவர் சுமார் இரண்டே முக்கால் மணி நேர ரயிலில் கொலோன் போய்க் காத்திருக்கலாம். புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்து, அடுத்து எந்தத் துறையில் ஏறலாம் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அதன் எல்லைக்குள் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் குடிநுழைவுச் சோதனை நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் புடாபெஸ்ட் போகிறவருக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் வரிசை. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல்முறை வருபவருக்கு இதில் நேரம் பிடிக்கும். இணைப்பு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று முன்பதிவுத் தளம் காட்டினாலும் இரண்டரை மணி நேரம் விட்டுக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டை இரண்டு ஒருவழி டிக்கெட்டாகப் பிரித்து வாங்காதீர்கள். 'மல்டி சிட்டி' தேர்வில் ஏறும் ஊருக்குப் போய், கடைசியாகத் தங்கும் ஊரிலிருந்து திரும்புவதாக ஒரே டிக்கெட்டில் தேடினால் விலை பெரும்பாலும் சாதாரண இருவழி டிக்கெட்டை ஒட்டியே இருக்கும். தொடங்கிய ஊருக்கே திரும்பிவர ஒரு நாளும் ரயில் காசும் செலவாகாது.

விசா: கூடுதல் இரவுகள் கணக்கை மாற்றும்

ஷெங்கன் விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எந்த நாட்டிலும் அதிகம் என்று சொல்ல முடியாதபடி சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. கப்பல் மட்டும் என்றால் ரைன் பயணத்தில் பொதுவாக ஜெர்மனிக்குத்தான் அதிக இரவு. முன்னால் ஆம்ஸ்டர்டாமில் மூன்று இரவு சேர்த்தால் நெதர்லாந்து மேலே வந்துவிடலாம். பின்னால் சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு சேர்த்தால் அதுவே முதலிடம் பிடித்துவிடும். ஆகவே முதலில் ஹோட்டல் இரவுகளை முடிவுசெய்யுங்கள், பிறகு ஒரு தாளில் நாடுவாரியாக எண்ணுங்கள், அதன்பின் விண்ணப்பியுங்கள். ஒவ்வோர் இரவும் கப்பல் எந்த நாட்டில் என்று நிறுவனத்திடம் கடிதமாகவே எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். கோடையில் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பாவது வேலையைத் தொடங்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், தேதிகள் முன் நாள்களையும் பின் நாள்களையும் மூட வேண்டும். கப்பல் தேதிக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கீழ் டான்யூப் பயணம் என்றால் இன்னொன்று: செர்பியா ஷெங்கனில் இல்லை. குரோவேஷியா 2023-லும், பல்கேரியாவும் ருமேனியாவும் நில எல்லை உட்பட முழுமையாக 2025 ஜனவரியிலும் சேர்ந்துவிட்டன. நடுவில் செர்பியாவுக்குள் போய்த் திரும்புவதால் ஒருமுறை நுழையும் விசா உதவாது. பலமுறை நுழையும் விசா கேளுங்கள். செர்பியாவின் விதியைத் தனியாகப் பாருங்கள்.

நிறுவனத்தின் பேக்கேஜா, சொந்த ஏற்பாடா

கப்பல் நிறுவனங்கள் விற்கும் முன்-பின் பேக்கேஜில் இரண்டு மூன்று இரவு ஹோட்டல், காலை உணவு, அரை நாள் நடைச் சுற்றுலா, ஹோட்டலிலிருந்து கப்பலுக்கு வண்டி ஆகியவை இருக்கும். ஆம்ஸ்டர்டாம், புடாபெஸ்ட், பாரிஸ், வியன்னா, பாசல் போன்ற ஊர்களில் இதை நீங்களே குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். ரயிலும் டிராமும் அவ்வளவு எளிது. பிராக், புக்கரெஸ்ட், லிஸ்பன் போல ஹோட்டல் ஒரு பக்கமும் கப்பல் வேறொரு பக்கமுமாக இருந்தால் பேக்கேஜுக்குக் கொடுக்கும் பணம் தகும். அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் பிடித்த வண்டி தாமதமானால் காத்திருக்காது.

பேக்கேஜ் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஹோட்டலின் பெயர் என்ன, மையத்திலிருந்து எவ்வளவு தூரம்? விமான நிலைய வண்டி சொந்தமாக டிக்கெட் வாங்கியவர்களுக்கும் உண்டா, அல்லது நிறுவனம் கொடுத்த விமானத்தில் வந்தால் மட்டுமா? ரத்து விதி கப்பலுக்கு உள்ளதேதானா? ஹோட்டல் பெயர் தெரிந்ததும் அதே தேதிக்கு அந்த ஹோட்டலின் தளத்தில் விலை பாருங்கள். வித்தியாசம் கண்முன்னே தெரிந்துவிடும்.

சொந்தமாக ஹோட்டல் பிடிக்கும்போது கப்பல்துறைக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். துறையின் சரியான இடம் பயண ஆவணங்களோடுதான் வரும், கடைசி வாரத்தில் மாறவும் மாறும். புடாபெஸ்டில் துறைகள் ஆற்றோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஆற்றுக் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்துவருகிறது. அதனால் கப்பல் வேறு ஊருக்கு மாற்றப்படவும் கூடும். ரயில் நிலையத்துக்கோ மெட்ரோவுக்கோ நடந்துபோகும் தூரத்தில் தங்கினால் துறை எங்கே மாறினாலும் சமாளிக்கலாம். லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள்: ஆம்ஸ்டர்டாமின் பழைய கால்வாய் வீடுகளில் படிக்கட்டு ஏணி போல இருக்கும், 23 கிலோ பெட்டியோடு ஏற முடியாது. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் ஏசி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவணத்தில் துறையின் முகவரி சில சமயம் தெருப் பெயராக இல்லாமல் 'கி.மீ. 1647' போல ஓர் எண்ணாக இருக்கும். அது ஆற்றின் கிலோமீட்டர். டான்யூபைக் கடலில் கலக்கும் முகத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள், ரைனைக் கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து கீழ்நோக்கி. டாக்சிக்காரருக்கு அந்த எண் புரியாது. பக்கத்துப் பாலத்தின் பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்ஸ்டர்டாம்

ஸ்கிபோல் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். நகர மைய நிலையத்துக்குக் கால் மணி நேரம்தான். வங்கி அட்டையையே வாயிலில் தொட்டு ஏறலாம்; இறங்கும்போதும் மறக்காமல் தொட வேண்டும், இல்லையென்றால் கூடுதலாகப் பணம் பிடித்துவிடும்.

இங்கே எல்லாவற்றையும் விட முன்பதிவுதான் முக்கியம். ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் இணையத்தில் மட்டுமே. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், ஆறு வாரம் தள்ளி வரும் வாரத்துக்கான டிக்கெட்டுகளைத் திறக்கிறார்கள். நீங்கள் ஊரில் இருக்கும் தேதியிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணி, அந்தச் செவ்வாயை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். வான்கோ அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த இணைய டிக்கெட் வேண்டும். அதை ஆன் ஃபிராங்க் நேரம் கிடைத்த பிறகு வாங்குங்கள், முன்னால் வாங்கினால் இரண்டும் மோதும்.

வந்திறங்கும் நாளுக்கு நேரம் குறித்த டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். விமானம் தாமதமானால் பணம் போகும். தாமதமாகாவிட்டாலும் தூக்கக் கலக்கத்தில் ஓவியங்களுக்கு முன் நிற்பதால் என்ன பயன்? துலிப் பூக்களுக்காகப் போகிறவர்கள், கோய்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரைதான் திறந்திருக்கும் என்பதையும், ஏப்ரல் நடுப்பகுதிதான் பொதுவாக நல்ல காலம் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஏப்ரல் 27 அரசர் நாள்; அன்று நகரம் முழுக்க ஆரஞ்சு உடைக் கூட்டம், மையத்தில் டிராம் ஓடுவதே சந்தேகம். அந்தத் தேதியில் கப்பல் ஏறுகிறவர்கள் முதல் நாள் இரவே துறைக்குப் போகும் வழியை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

கப்பல் ஏறும் நாள் காலைக்கு ஹார்லம் மிகப் பொருத்தம். கால் மணி நேரத்துக்குச் சற்று மேலான ரயில் பயணம், நடந்தே பார்க்கக்கூடிய ஊர், ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம். திங்களன்று அது மூடியிருக்கும். மைய நிலையத்தில் பெட்டி வைக்கும் லாக்கர்கள் உண்டு, ஆனால் காசு எடுக்காது, அட்டை மட்டும்.

புடாபெஸ்ட், வியன்னா

புடாபெஸ்ட் விமான நிலையத்திலிருந்து 100E பேருந்து நேராக நகர மையத்திலுள்ள டெயாக் சதுக்கத்துக்கு வரும். இதற்குத் தனி டிக்கெட். நகர பாஸ் செல்லாது. தெரியாமல் பாஸோடு ஏறி அபராதம் கட்டுகிறவர்கள் நிறைய. இங்கே நாணயம் ஃபோரின்ட். கடையில் யூரோ வாங்கிக்கொண்டாலும் மாற்று விலை அவர்கள் வைத்ததுதான், அட்டையே மேல்.

பாராளுமன்றத்தின் உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், சுமார் முக்கால் மணி நேரம். புனித ஸ்டீபனின் கிரீடம் உள்ளேதான் இருக்கிறது. மொழிவாரியாக நேரம் பிரித்திருப்பதால் ஆங்கில நேரங்கள் பல நாள் முன்பே தீர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல். தவறான விலையில் வாங்கினால் வாசலில் தகராறு. டோஹானி தெருவின் பெரிய யூத வழிபாட்டிடம் சனிக்கிழமை மூடியிருக்கும். வெந்நீர்க் குளியலுக்கு 1913-ல் திறந்த செச்செனி மண்டபம் போதும். கப்பலிலிருந்து இறங்கிய நாளின் அலுப்புக்கு இதைவிட நல்லது அந்த ஊரில் இல்லை. ரப்பர் செருப்பும் துண்டும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆகஸ்ட் 20 ஹங்கேரியின் தேசிய விழா. மாலையில் ஆற்றின் மேலேயே வாணவேடிக்கை. கரையோரச் சாலைகளை மூடுவார்கள். அன்று ஏறவோ இறங்கவோ இருந்தால் டாக்சி துறை வரை வராது, சக்கரப் பெட்டியோடு நடக்க வேண்டியிருக்கும்.

வியன்னாவில் பெரும்பாலான கப்பல்கள் ரைஹ்ஸ்ப்ரூக்கே பாலத்தருகே நிற்கும். ஃபோர்கார்ட்டன்ஸ்ட்ராஸே நிலையத்தில் யு1 மெட்ரோ ஏறினால் பத்து நிமிடத்துக்குள் நகர மையமான ஸ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸ். புடாபெஸ்டில் முடியும் பயணத்தில் வியன்னாவுக்கு ஒரு நாள்தான் கிடைத்தது என்று வருந்துகிறவர்கள், இறங்கியதும் ரெயில்ஜெட் ரயிலில் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் அங்கே திரும்பிவிடலாம், நல்ல யோசனைதான். கலை வரலாற்று அருங்காட்சியகம் கோடை மாதங்கள் நீங்கலாகத் திங்களன்று விடுமுறை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். பரிசுப்பொருள் வாங்குவதைக் கடைசி ஞாயிறுக்கு ஒதுக்கிவைத்தால் நிலையத்துக் கடைதான் கதி.

மற்ற முனைகள்

பாஸாவில் இறங்கி மியூனிக் போகிறவர்களுக்கு பவேரியா மாநில நாள் டிக்கெட் வசதி. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வேலை நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், வட்டார ரயில்களில் மட்டும். நேரடி வட்டார ரயில் இரண்டேகால் மணி நேரம் அளவில் கொண்டுபோய்விடுவதால் விரைவு ரயிலுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும் செப்டம்பர் பின்பாதியில் மட்டும் மியூனிக்கில் அறைகளின் விலை எகிறிவிடும். அப்போது ரேகன்ஸ்பர்க்கில் தங்குங்கள். பிராகின் யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை திறப்பதில்லை.

பாரிஸில் கிழமைகள்தான் பொறி. லூவர் அருங்காட்சியகம் செவ்வாயன்று விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்களன்று. இரண்டு நாள் மட்டுமே இருப்பவருக்கு அவை திங்களும் செவ்வாயுமாக அமைந்தால், திங்கள் லூவர், செவ்வாய் ஓர்சே என்று மாற்றிப் போட்டாலே தீர்ந்தது. லூவர் புதன், வெள்ளி மாலைகளில் ஒன்பது மணி வரை திறந்திருக்கும், கூட்டம் குறைவு. ரோன் ஆற்றுப் பயணத்துக்குப் பாரிஸிலிருந்து லியோனுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். அவிஞோனில் இரண்டு நிலையங்கள் உண்டு: டிஜிவி நிலையம் மதிலுக்கு வெளியே தள்ளி இருக்கிறது, மைய நிலையத்துக்குச் சிறு ரயில் ஓடுகிறது. டிக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

போர்ச்சுகலின் டோரோ ஆற்றில் இரவில் கப்பல் ஓட அனுமதி இல்லை. பெரும்பாலான பயணங்கள் போர்ட்டோவில் தொடங்கி அங்கேயே முடியும். கப்பல் நிற்பது எதிர்க்கரையில், விலா நோவா டி கையாவில். லிஸ்பனை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்றால், பின்னால். மூன்று மணி நேர ரயில் பயணத்தைக் கெடு இல்லாத நாளில் செய்வதே நிம்மதி. ஜெரோனிமோஸ் மடம் திங்களன்று மூடியிருக்கும். சின்ட்ராவின் பெனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும்.

தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும்

ஆற்றுப் பயணத்தின் உண்மையான அபாயம் இதுதான், விளம்பரத்தில் இது சிறிய எழுத்தில் இருக்கும். ரைனில் காவ்ப் என்ற ஊரின் நீர்மட்ட அளவுகோலைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அங்கே ஆற்றுப்படுகை பாறையாக மேடிட்டிருக்கிறது. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. அளவுகோலின் எண் ஆற்றின் ஆழம் அல்ல, ஒரு குறியீட்டுப் புள்ளியிலிருந்து எடுத்த அளவு. ஆனாலும் அந்த அளவில் கப்பல்கள் கடந்துபோவது கடினம். டான்யூபில் ஸ்ட்ராபிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கி.மீ. தூரத்துக்கு அணையோ மதகோ இல்லை. தண்ணீரைத் தேக்கி வைக்க வழியில்லாததால் வறட்சியில் முதலில் அடைபடுவது அந்த இடம். மிகுதியான தண்ணீரும் கெடுதிதான்: ஆறு உயர்ந்தால் பாலத்துக்கும் கப்பலுக்கும் இடையே இடைவெளி போதாது. 2013 ஜூனில் பாஸாவில் ஆறு 12 மீட்டருக்கு மேல் ஏறியது. 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் வெள்ளத்தால் கப்பல் போக்குவரத்தே நின்றது.

அப்போது நிறுவனங்கள் செய்வது: அடைபட்ட இடத்துக்கு மறுபக்கம் நிற்கும் இதே அமைப்புள்ள வேறு கப்பலுக்குப் பேருந்தில் பயணிகளை மாற்றுவது, அல்லது ஓர் இரவு ஹோட்டலில் தங்கவைப்பது. இறங்கும் ஊரும் மாறலாம். இதனால் பின்னால் உள்ள நாள்களில் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் நாளன்று மதியத்துக்கு முன் கிளம்பும், மாற்றமுடியாத ரயில் டிக்கெட் வாங்காதீர்கள். ஜெர்மன், ஆஸ்திரிய ரயில்களின் மலிவு டிக்கெட்டுகள் அந்த ஒரு ரயிலுக்கே கட்டுப்பட்டவை. ஹோட்டலை, வருவதற்கு முந்தைய நாள் வரை ரத்து செய்யக்கூடிய விலையில் எடுங்கள். தவறவே விடக்கூடாத நிகழ்ச்சியை இறங்கிய மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வறட்சி வரக்கூடிய காலம். பனி உருகும் வசந்தத்திலும் பெருமழையிலும் வெள்ளம் வரும். ஜெர்மன் நீர்வழித் துறையின் தளத்தில் தினசரி அளவு வெளியாகிறது. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதிலிருந்து பார்த்துவந்தால் போதும். ஆறு மாதம் முன்பே அதைப் பார்த்துக் கவலைப்படுவதில் பொருளில்லை.

இறங்கும் காலை

கடைசி மாலை கப்பலில் வண்ண அட்டைகள் தருவார்கள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு புறப்படும் நேரம். சொந்த ஏற்பாட்டில் போகிறவர்கள் அதை வரவேற்பு மேசையில் முன்னமே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் உங்கள் பெட்டி விமான நிலையப் பேருந்தில் ஏறிவிடும். பெட்டியைக் குறித்த நேரத்தில் அறைக்கு வெளியே வைத்துவிட்டு, எட்டு எட்டரைக்குள் அறையைக் காலிசெய்ய வேண்டும். சில கப்பல்கள் பாஸ்போர்ட்டை வாரம் முழுக்க வரவேற்பிலேயே வைத்திருக்கும். கைக்கு வந்ததா என்று பாருங்கள். மருந்து, சார்ஜர், அன்றைய உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கப்பல்கள் துறையில் ஒன்றை ஒட்டி ஒன்றாக மூன்று நான்கு கட்டப்பட்டிருக்கும். உங்களுடையது வெளிப்பக்கம் இருந்தால் மற்றவற்றின் வழியாகவோ மேல்தளங்கள் ஏறி இறங்கியோ கரைக்கு வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே வீடு திரும்புவதானால் விமானம் நண்பகலுக்குப் பிறகு இருக்கட்டும். பாஸாவிலிருந்து மியூனிக் விமான நிலையத்துக்குச் சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். நிறுவனமே காலை ஏழு மணி விமானம் போட்டுக் கொடுத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சிறு கட்டணத்துக்குப் பெரும்பாலும் செய்வார்கள்.

ஒரு மாதிரித் திட்டம்

ஆம்ஸ்டர்டாமில் சனிக்கிழமை ஏறி, அடுத்த சனிக்கிழமை பாசலில் இறங்கும் ரைன் பயணம் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் காலை விமானம் இறங்கட்டும். அன்று பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு யோர்டான் பகுதிக் கால்வாய்களோரம் நடை, இரவு சீக்கிரம் தூக்கம். வெள்ளி காலை திறக்கும் நேரத்துக்கே வான்கோ; மாலையில் ஆன் ஃபிராங்க் இல்லம். நடுவே மூன்று மணி நேரம் வெறுமையாக விடுங்கள், மழை அதைத் தானாக நிரப்பும். சனி காலை பெட்டியை ஹோட்டலிலேயே விட்டு ஹார்லம், இரண்டு மணிக்குள் திரும்பி, மூன்று மணிக்குக் கப்பல்.

பாசலில் கப்பல் செயின்ட் யோஹான் துறையில் நின்றால் 11-ம் எண் டிராம், கிளைபெக் துறை என்றால் 8-ம் எண். இரண்டும் சுவிஸ் ரயில் நிலையத்துக்குப் போகும். நகரில் இன்னொரு நிலையம் ஜெர்மன் ரயில்வேயுடையது, பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்குங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் லூசெர்ன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று இரவும் அங்கேயே, ஒரே ஹோட்டலில். ஞாயிறு, திங்கள் இரண்டில் வானம் தெளிவாக இருக்கும் நாளை பிலாட்டஸ் மலைக்கு வையுங்கள். 48 விழுக்காடு சரிவில் ஏறும் அந்தப் பல்சக்கர ரயில் பனிக்காலத்தில் ஓடாது. டிக்கெட்டை முன்கூட்டி வாங்காதீர்கள். காலையில் மலையுச்சிக் கேமராவை ஃபோனில் பார்த்துவிட்டு வாங்குங்கள்; மேகத்துக்குள் நிற்பதற்குச் சுவிஸ் விலை கொடுக்க வேண்டியதில்லை. மேகமூட்டமான மற்ற நாளுக்கு ஏரிப் படகும் பழைய ஊரின் மரப்பாலமும் போதும். சுவிஸ் ரயில் பாஸ் லாபமா என்பதை இப்படிக் கணக்கிடுங்கள்: பாசல்–லூசெர்ன், பிலாட்டஸ், லூசெர்ன்–சூரிக் விமான நிலையம் ஆகிய மூன்றின் முழு விலையையும் கூட்டி, டிக்கெட்டைப் பாதி விலையில் தரும் சுவிஸ் அட்டையோடு வரும் செலவையும் பாஸின் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். பாஸ் இருந்தாலும் பிலாட்டஸுக்குப் பாதி விலை கட்ட வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய் காலை லூசெர்னிலிருந்து நேரடி ரயில், ஒரு மணி பத்து நிமிடம். இறங்கும் நிலையம் சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே.